காலிக் கட்டிலின் துடிப்பு

மார்ச் 3

அன்புள்ள பூச்சிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன்; நீயாகச் சொல்லப்போவதில்லை. மாமாவுக்கு இருமல் விட்டபாடில்லை. வாலு முன்பல் விழுந்து பொக்கை வாயோடு திரிகிறாள், சிரிக்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறாள். போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. போன தடவை யார் முதலில் வைத்தது என்பதில்கூட நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம். அதனால் காகிதத்தை எடுத்தேன். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். சிரிக்காமல் படி.

ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்த மூலைக் கட்டிலை அவர் போன பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை. மேலே கூரை ஒழுகிக் காரை பெயர்ந்திருக்கிறது, பூச ஆள் வர வேண்டும். எங்கள் வார்டில் கட்டிலோரப் பெட்டிகளுக்குத் திரை கிடையாது. நோயாளியின் மார்பில் ஒட்டிய வயர் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து நடு மேசையில் இருக்கும் பெரிய திரைக்கு வரும். கட்டிலுக்கு ஒரு சின்னக் கட்டம். வார்டு பொறுப்பில் இருப்பவள் என்பதால் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லார் துடிப்பையும் பார்ப்பேன்.

போன வாரம் புதிதாக வந்த நர்ஸ் ஒருத்தி, மூடிவைத்திருந்த மூலைக் கட்டிலின் கட்டத்தைத் தவறுதலாகத் திறந்துவிட்டாள். அதில் துடிப்பு ஓடியது.

வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியது நான்தான். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியும் பார்த்துவிட்டேன். நிற்கவில்லை. வேகமாக இரண்டு, பிறகு ஒரு தயக்கம், பிறகு மெல்ல ஒன்று. அந்தத் தயக்கத்தில் எத்தனை நாள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அடையாளம் தெரியாதா?

டாக்டர் மெஷின் கோளாறு என்று சிரித்தார். ஆனால் அந்தப் பக்கம் வரும்போது திரையைப் பார்ப்பதில்லை. தரை துடைக்கும் அம்மா அந்தக் கட்டிலுக்கு அடியில் மட்டும் துடைப்பத்தை மெதுவாக நகர்த்துகிறாள். ஏன் என்று கேட்டேன். "படுத்திருக்கவங்களை இடிச்சிடக் கூடாதில்ல சிஸ்டரம்மா" என்றாள்.

இந்த மெஷினுக்குள் ஓடுவது உன் கம்பெனியின் கெர்னல்தான் என்று ஒரு தடவை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாய். அதனால் உன்னைக் கேட்கிறேன். இது என்ன?

அன்புடன்,
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

கெர்னல் என்பது எல்லா புரோகிராமுக்கும் அடியில் உட்கார்ந்து மெமரியைப் பங்கு போட்டுக் கொடுக்கும் புரோகிராம். வீட்டு உரிமையாளர் மாதிரி என்று வைத்துக்கொள். ஒரு நோயாளி வந்தால், அவர் துடிப்பை எழுதிவைக்க ஓர் இடம் கொடுக்கும். அவர் போனதும் 'காலி' என்று குறித்துக்கொள்ளும். குறித்துக்கொள்வதோடு சரி, கூட்டிப் பெருக்காது. உள்ளே சாமான் அப்படியே கிடக்கும். அந்த இடத்துக்குக் கொடுத்த சாவிகளை எல்லாரிடமிருந்தும் திரும்ப வாங்கியாக வேண்டும். எழுதியவர் யாரோ ஒரு சாவியை வாங்க மறந்திருக்கிறார். அந்தச் சாவியை வைத்துக்கொண்டுதான் உன் திரை உள்ளே போய்ப் பார்க்கிறது. கடைசியாக எழுதப்பட்ட கொஞ்ச நேரத் துடிப்பு அங்கே வளையம் மாதிரி கிடக்கிறது. முடிந்ததும் முதலிலிருந்து ஓடுகிறது.

இப்படி விட்டுப்போன சாவிகளைத் தேடி ஓட்டைகளை அடைப்பதுதான் என் வேலை. இந்த மாதிரிக் கோளாறுகளுக்கு எங்கள் தொழிலில் 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததற்கு எனக்கு வைத்த பெயர், கடைசியில் தொழிலுக்கும் பொருந்திவிட்டது. திருடர்களும் இதே சாவிகளைத்தான் தேடுகிறார்கள். அதனால் திருத்தம் வெளியாகும் வரை போனிலோ மெயிலிலோ இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்பது எங்கள் விதி. உன் கடிதத்தைக் காட்டாமல், எங்கள் குழுத் தலைவியிடம் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டேன். திருத்தம் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நீ மெஷினை ஒரு தடவை அணைத்துப் போடச் சொல். எல்லாம் அழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தும் விடு. இது விளையாட்டான கோளாறு இல்லை.

அது அப்பாதானா அக்கா? நிச்சயமாகத் தெரியுமா? நான் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். இன்னொரு பெரிய ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தோம். இன்றைக்கு முடிந்துவிடும், நாளைக்குக் கிளம்பிவிடலாம் என்றே தள்ளிப்போனது. நீ போனை அவர் காதில் வைத்தாய், நான் பேசினேன். அவருக்குக் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் கேட்காது என்றார் என்று நீயே சொன்னாய்.

வாலுவுக்கு என் முத்தம். மாமாவைக் கஷாயத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போகச் சொல். வீட்டிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு இப்படி இருமுகிறாரே.

உன்,
பூச்சி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி அணைத்துப் போடத்தான் மேசைக்கு அடியில் குனிந்தேன். சுவிட்சில் கை வைத்துவிட்டேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். கட்டில்கள் எல்லாவற்றையும் கொஞ்ச நேரம் கையால் பார்க்க ஆள் வேண்டும், நாளைக்குச் செய்யலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். எழுதியும் கொடுக்கவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பஸ் ஓட்டுநர் வந்திருக்கிறார். நெஞ்சு வலி. படுத்துக்கொண்டே வலது காலால் பிரேக் போடுகிறார், தூக்கத்திலும். மகள் ஒருத்திதான், துணிக்கடையில் வேலை. மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு ஓடி வருகிறாள். "எங்கப்பா ஓட்டின பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கலாம் சிஸ்டர், அப்படி ஓட்டுவாரு" என்று என்னிடம் பெருமை பேசினாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பாவின் துடிப்பில் இன்று ஓர் இடத்தைக் கவனித்தேன். இரண்டு, தயக்கம், ஒன்று என்று போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு துள்ளல். சின்னப் பிள்ளை மாடிப்படி ஏறி ஓடுகிற மாதிரி. பிறகு மறுபடியும் பழைய நடை. முன்பு அதைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் முன்பு நான் எங்கே ஒழுங்காகப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர்தான் நின்றது.

நீ பேசியபோது இருக்குமோ?

நான் அன்றைக்குத் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் முகம் மட்டுமா மனுஷன்?

அன்புடன்,
அக்கா

மார்ச் 17

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். அப்பா கேட்டிருக்கிறார். வேறு எதற்காகத் துள்ளும்? எல்லாம் அடங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு வந்த ஒரே புதுச் செய்தி என் குரல்தான்.

அணைக்காதே. தயவுசெய்து அணைக்காதே. யாரிடமும் சொல்லவும் வேண்டாம். சொன்னால் எங்கள் ஆட்களே வந்து முதல் காரியமாக அழித்துவிடுவார்கள். அந்த மெமரியை அப்படியே பிரதி எடுக்க ஒரு கருவி இருக்கிறது. மாதக் கடைசியில் எனக்கு விடுப்பு. கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. திருத்தம் தயார். வரிகள் ரொம்பக் கொஞ்சம்தான், ஒரு சாவியைத் திரும்ப வாங்குகிற வேலை. வெளியிட்டால் உன் மெஷினுக்குத் தானாக வந்து இறங்கி, அணைத்துப் போட்டுவிடும். தலைவி கேட்டார். இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையை நம்பினார். ஒரு ஓட்டை இன்னும் சில நாள் திறந்திருப்பதால் உலகம் ஒன்றும் முழுகிவிடாது.

துள்ளல் எவ்வளவு நேரம் இருக்கிறது, அதற்கு முன்னால் தயக்கம் நீள்கிறதா என்று பார்த்து எழுது. இன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன்.

உன்,
பூச்சி

மார்ச் 22

அன்புள்ள பூச்சிக்கு,

சரி. நீ வரும்வரை தொட மாட்டேன். மேல் அறையில் உனக்கு மெத்தை தட்டிப் போட்டாயிற்று. உன்னை எங்கே படுக்க வைப்பது என்று வாலு பெரிய திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் பொம்மைகளோடு படுக்க உனக்குச் சம்மதமா?

நீ கேட்டபடி பார்த்தேன். துள்ளல் இப்போது ஓர் இடத்தில் மட்டும் வரவில்லை. மூன்று நான்கு இடங்களில் வருகிறது. நேற்றைவிட இன்று கூட. அப்பா எங்கோ தூரத்திலிருந்து வேகமாக நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். புது நர்ஸ் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவைத்திருந்தாள். நான் கிழித்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

நான் அப்பாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஓட்டுநரின் கட்டத்தைப் பார்த்தாலும் இரண்டு, தயக்கம், ஒன்று என்றே தெரிகிறது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் அப்படித்தான். கண்ணாடி மாற்ற வேண்டும் என்கிறார் மாமா.

ஓட்டுநர் தேறி வருகிறார் என்றுதான் டாக்டர் சொல்கிறார். ஆனால் மனிதர் பேச்சைக் குறைத்துவிட்டார். காலும் பிரேக் போடுவதில்லை.

சீக்கிரம் வா.

அக்கா

மார்ச் 27

தம்பிக்கு,

நேற்று மத்தியானம் நீ பல தடவை அழைத்திருக்கிறாய். வார்டுக்குள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரும்ப அழைக்கவில்லை. எழுதுகிறேன்.

ஓட்டுநரின் மகள் மேசைக்கு வந்தாள். "சிஸ்டர், அப்பா கால் சில்லுன்னு இருக்கு" என்றாள். நான் திரையைப் பார்த்தேன். அவர் கட்டத்தில் துடிப்பு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. "துடிப்பு நல்லா இருக்கும்மா. போர்வையை இழுத்து விடு, ஃபேன் காத்து" என்றேன்.

அவள் போய்ப் போர்வையை இழுத்து விட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போய் அவர் கழுத்தில் விரலை வைத்தேன்.

டாக்டர் ஓடி வந்தார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருக்கிறது என்றார் டாக்டர். ஓட்டுநரின் முகத்தை மூடும்போது மகள் அங்கே இல்லை. நடு மேசைக்குப் போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க துடிக்குதே சிஸ்டர்" என்றாள். சத்தம் போடவில்லை. "எங்கப்பாவுக்குத் துடிக்குதே. டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அவர் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில், மூலைக் கட்டிலின் கட்டத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்று. இரண்டு, தயக்கம், ஒன்று. இப்போது துள்ளல் எதிலும் இல்லை. நம் அப்பா இரண்டு கட்டிலிலும் படுத்திருந்தார் பூச்சி. அந்தப் பெண் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். திரை கறுத்ததும் அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் கொன்றேன் என்பது மாதிரி.

நீ எதற்கு அழைத்தாய்?

அக்கா

மார்ச் 31

அக்கா,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

உன்னை அழைத்த அன்று, உன் 22ஆம் தேதிக் கடிதத்தைப் படித்துக்கொண்டே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். துள்ளல் நேற்றைவிட இன்று கூட என்று எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். விட்டுப்போன மெமரி தானாக மாறாது. மாறினால் உயிரோடு இருக்கும் யாரோ அதில் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். இது எங்கள் வேலையில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற விஷயம். நீ துள்ளலைப் பற்றி முதலில் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்க நான் விடவில்லை.

ஓட்டுநர் வந்ததும் கெர்னல் அவருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது. காலி என்று குறித்திருந்த இடம். அப்பாவின் இடம். மூலைக் கட்டிலிடம் பழைய சாவி, ஓட்டுநரிடம் புதுச் சாவி, கதவு ஒன்றுதான். எழுதும் கணக்கும் படிக்கும் கணக்கும் குழம்பிப்போய், அவர் துடிப்பு அங்கங்கே துண்டு துண்டாகத்தான் விழுந்திருக்கிறது. மிச்ச இடமெல்லாம் அப்பாவின் பழைய துடிப்பு. ஓட்டுநரின் இதயம் நின்ற பிறகு விழுந்த வெறுமையும் அப்பாவின் தயக்கத்தோடு கலந்துவிட்டிருக்கும். அதனால் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. துள்ளல் அப்பாவுடையது இல்லை அக்கா. அந்த மனிதரின் இதயம் கெட்டுக்கொண்டு வந்ததுதான் அது. அவர் வந்த நாளிலிருந்து நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டிலேயே நின்று உன்னை அழைத்தேன். ஆஸ்பத்திரி எண்ணையும் அழைத்தேன், வேறு எங்கோ மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

திருத்தம் அன்று சாயங்காலமே வெளியாகிவிட்டது. தலைவியிடம் உண்மையைச் சொன்னேன், முன்பே தயாராக இருந்தது, நான்தான் நிறுத்தி வைத்தேன் என்று. அவர் திருத்தத்தின் தேதியைத் திறந்து பார்த்தார். பிறகு, "ஏன்னு மட்டும் கேக்க மாட்டேன். கேட்டா எனக்குப் புரிஞ்சிடும்னு பயமா இருக்கு" என்றார்.

நான் வரட்டுமா?

பூச்சி

ஏப்ரல் 14

தம்பிக்கு,

நீ வந்தாய். வர மாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன், அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சேர்த்து. விசாரணை முடியும்வரை வார்டுக்குப் போகக் கூடாது. கீழே மருந்துக் கிடங்கில் பஞ்சும் துணியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. எனக்கு அது போதும்.

ஓட்டுநரின் மகளிடம் உன்னைப் பற்றியும் சொன்னேன். அவள் உன்னைப் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது, அடிப்பாள், சபிப்பாள் என்று நினைத்தேன். நம் வீட்டு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து நீ சொன்னதையெல்லாம் கேட்டாள். நீ ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சொன்னதை நீ தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாய், முழுதும் காதில் விழுந்ததா தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் நிற்கிறது, அதனால் எழுதி அனுப்புகிறேன். உன்னிடமும் இருக்கட்டும்.

"அது எங்கப்பா கூப்பிட்டது. நீங்க ரெண்டு பேரும் உங்க அப்பானு நெனச்சு சந்தோஷமா பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

பிறகு, இந்த மெஷின் இன்னும் எத்தனை ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது என்று கேட்டாள். நீ சொன்னாய். உள்ளே வேறு ஓட்டைகளும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும் என்றாய். அவள் எழுந்துகொண்டாள். "அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? போய் வேலையைப் பாருங்க."

நீ அப்படியே கிளம்பிப் போனாய். நான் சாப்பிடச் சொல்லவும் இல்லை. வாலு வாசல்வரை ஓடி வந்து திரும்பிவிட்டாள்.

கோபம் இல்லை. உன் மேல் கோபப்பட எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தத் திரைதான் கண்ணுக்கு முன்னால் வருகிறது. கொஞ்ச நாள் எழுதாதே. எவ்வளவு நாள் என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் பொறுத்தேன். நீ பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. திருத்தத்தை எப்போது வெளியிடுவது என்று சொல்லும் உரிமையை மட்டும் எடுத்துவிட்டார்கள். நான் எழுதுவதைப் பக்கத்து மேசைக்காரர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கிறார். அது நல்லதுதான். நான் இப்போது செய்கிற வேலை இதுதான்: ஒருவரிடமிருந்து திரும்பி வரும் இடத்தைக் கெர்னல் இனிமேல் வெறுமனே காலி என்று குறிக்காது. முழுதும் பூஜ்ஜியத்தால் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுக்கும். ரொம்ப வருஷமாக எங்களில் பலர் இதை வேண்டாம் என்று சொல்லி வந்தோம், மெஷின் கொஞ்சம் மெதுவாகிவிடும் என்று. நானும் சொல்லியிருக்கிறேன்.

திருத்தம் தானாக ஏறாத பழைய மெஷின்கள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிறோம். நேற்றுக் காலையில் எங்கோ தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் திரை என் கம்ப்யூட்டரில் திறந்தது. எல்லாக் கட்டிலும் காலி என்று அங்கிருந்தவர் சொன்னார். அந்த வார்டையே வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களாம், விளக்குகூட எரிவதில்லையாம். திரையில் ஒரு கட்டத்தில் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சின்னதாக, ரொம்ப வேகமாக. குழந்தையாக இருக்க வேண்டும்.

அங்கிருந்தவரைக் கையோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இருட்டில் அவர் நடக்கும் சத்தம் போனில் கேட்டது. மெத்தை, மெத்தை, மெத்தை என்று சொல்லிக்கொண்டே போனார். யாரும் இல்லை என்றார்.

அக்கா, அந்தக் குழந்தை யாருடையது என்று நான் கேட்கவில்லை. பிரதி எடுக்கும் கருவி மேசையிலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. திருத்தத்தை அனுப்பினேன். கோடு கொஞ்ச தூரம் ஓடியது, பிறகு நேரானது, பிறகு கட்டமே போய்விட்டது.

"சரியாயிடுச்சா?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

சரியாயிடுச்சு என்றேன்.

உன் தம்பி